டிகிரி முடிஞ்சதும் லைப்ரரி லாகின் ஏன் கட் ஆகுது? படிச்சு முடிச்சவங்க ஆய்வுக்கட்டுரைகளைச் சட்டப்படி படிக்க என்ன வழி? முழு விளக்கம்

பட்டமளிப்பு விழா முடிந்து சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. அடுத்து பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வுத் திட்டம் எழுத உட்கார்ந்து, போன மாதம் வரை திறந்த அதே ஜர்னலைத் திறந்தால், உள்ளே போக அனுமதி இல்லை என்று ஸ்கிரீனில் வருகிறது. பக்கத்திலேயே விலைப் பட்டியல். 12 பக்கக் கட்டுரை ஒன்றைப் படிக்க 30 டாலர், 40 டாலர்!

பாஸ்வேர்டு மறந்துபோச்சா? இல்லை. சர்வர் டவுனா? அதுவும் இல்லை. படிப்பு முடிந்துவிட்டதால், அந்த மாணவரின் பெயர் வாசகர் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அவ்வளவுதான்.

உலகம் முழுக்கப் பட்டதாரிகள் சந்திக்கும் சிக்கல் இது. இந்தியாவில் பல ஆயிரம் கோடி ரூபாய் அரசுப் பணத்தில் ஜர்னல் சந்தா கட்டப்படும் இந்த நேரத்தில், இந்தக் கேள்விக்கு இன்னும் முக்கியத்துவம் கூடியிருக்கிறது. லாகின் ஏன் கட் ஆகுது, யார் கையில் இருக்கு தீர்வு, அதுவரைக்கும் என்ன பண்ணலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, இ-ரிசோர்ஸ்னா என்ன?

கல்லூரி நூலகம் என்றால் அலமாரியில் இருக்கும் புத்தகங்கள் மட்டும் இல்லை. ஆன்லைனில் படிக்கும் ஆய்விதழ்கள், மின்நூல்கள், டேட்டாபேஸ்கள் எல்லாமே நூலகத்தின் மின்வளங்கள்தான். எல்ஸ்வியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி, டெய்லர் அண்ட் பிரான்சிஸ், சேஜ் போன்ற பெரிய பதிப்பகங்கள் நடத்தும் ஜர்னல்களில் வரும் கட்டுரைகளில் பலவற்றைச் சந்தா கட்டினால்தான் படிக்க முடியும்.

தனி ஆள் கட்டக்கூடிய தொகை இல்லை அது. அதனால் பல்கலைக்கழகமோ அரசோ மொத்தமாகச் சந்தா கட்டுகிறது. மாணவர் கேம்பஸ் வைஃபையில் இருந்தோ, கல்லூரி கொடுத்த லாகின் மூலமோ உள்ளே போகிறார். அவர் கையில் இருந்து ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. இதனாலேயே, படிக்கிற காலத்தில் பலருக்கும் இதன் மதிப்பு தெரிவதில்லை. லாகின் போன பிறகுதான் தெரிகிறது.

அலமாரிப் புத்தகத்துக்கு இல்லாத தடை, ஆன்லைன் ஜர்னலுக்கு ஏன்?

சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அச்சு இதழை நூலகம் காசு கொடுத்து வாங்கினால், அது நூலகத்தின் சொத்து. அதை யாருக்குக் காட்டுவது, எத்தனை வருடம் வைத்துக்கொள்வது என்பதை நூலகமே முடிவு செய்யலாம். பத்து வருடத்துக்கு முன்பு படித்து முடித்தவர் வந்து நின்றாலும், தெரிந்த நூலகர் உள்ளே விட்டுவிடுவார். ரீடிங் ஹாலில் உட்கார்ந்து குறிப்பு எடுத்துக்கொண்டு போவார்.

ஆன்லைன் ஜர்னல் அப்படி இல்லை. நூலகம் அதை வாங்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் படிக்கும் உரிமையை மட்டும் ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு எடுக்கிறது. வாடகை வீட்டில் யார் யார் தங்கலாம் என்று ஓனர் அக்ரிமென்ட்டில் எழுதுகிற மாதிரி, இந்த ஒப்பந்தத்திலும் ஒரு பிரிவு உண்டு. 'அனுமதிக்கப்பட்ட பயனாளர்கள்' என்று அதற்குப் பெயர்.

வழக்கமாக அந்தப் பிரிவில் இருப்பவர்கள் மூன்று தரப்பினர். இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள், ஆசிரியர்களும் ஊழியர்களும், நூலகத்துக்கு நேரில் வந்து அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் பார்ப்பவர்கள். முன்னாள் மாணவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் வருவதில்லை.

ஆக, லாகினை கட் பண்ணுவது நூலகரின் விருப்பம் இல்லை. ஒப்பந்தத்தில் இல்லாத ஒருவரை அவர் உள்ளே விட்டால், மீறல் கல்லூரி மேல் வந்து விழும்.

லாகின் எப்படி வேலை செய்யுது?

கேம்பஸுக்குள் இருக்கும் இன்டர்நெட் இணைப்புக்கு ஐ.பி. முகவரி என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்ணில் இருந்து யார் வந்தாலும், சந்தா கட்டிய கல்லூரியைச் சேர்ந்தவர் என்று பதிப்பகத்தின் இணையதளம் எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் இருந்து படிப்பவர்களுக்கு வேறு வழி. கல்லூரியின் பிராக்ஸி சர்வர் வழியாகப் போகலாம். அல்லது, 'இவர் எங்க ஸ்டூடன்ட்தான்' என்று கல்லூரி உறுதிசெய்யும் ஒற்றை லாகின் முறையைப் பயன்படுத்தலாம். இந்தியாவில் இந்த வேலைக்காக குஜராத்தின் காந்திநகரில் இருக்கும் இன்ஃபிலிப்நெட் மையம், இன்ஃபெட் என்ற பொதுக் கட்டமைப்பை நடத்துகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்கும் தன்னாட்சி மையம் இது.

படிப்பு முடிந்ததும் கல்லூரியின் பட்டியலில் மாணவரின் நிலை மாறும். கல்லூரி மெயில் ஐ.டி. மூடப்படும். அதோடு இந்த உறுதிச்சான்றும் போய்விடும். தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை இது ஒரு சின்ன மாற்றம். 'மாணவர்' என்று இருக்கும் இடத்தில் 'முன்னாள் மாணவர்' என்று போட்டுக் கதவைத் திறந்தே வைக்கவும் முடியும். தடையாக இருப்பது டெக்னாலஜி இல்லை, ஒப்பந்தம்தான்.

பதிப்பகங்கள் ஏன் தயங்குது?

முக்கியக் காரணம், தலைக்கணக்கு. சந்தாத் தொகையை முடிவு செய்யும்போது, கல்லூரியில் எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள் என்பதும் பார்க்கப்படுகிறது. 3,000 பேர் படிக்கும் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,000 பேர் படித்து வெளியே போனால், 20 வருடத்தில் முன்னாள் மாணவர்கள் மட்டும் 20,000 பேர். படிப்பவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 'இத்தனை பேருக்கும் சேர்த்து அதே விலையா?' என்பது பதிப்பகங்களின் கேள்வி.

இரண்டாவது, வியாபாரம். முன்னாள் மாணவர்களில் பலர் மருந்து நிறுவனங்களிலும் ஐ.டி. கம்பெனிகளிலும் வேலை பார்ப்பார்கள். அந்த நிறுவனங்களுக்குப் பதிப்பகங்கள் தனி விலையில் சந்தா விற்கின்றன. ஊழியர்கள் தங்கள் பழைய கல்லூரி லாகினிலேயே படித்துவிட்டால் அந்த வியாபாரம் அடிபடும்.

மூன்றாவது, பாதுகாப்பு. கைவிடப்பட்ட கணக்குகளின் பாஸ்வேர்டு திருடு போவதும், அதை வைத்து ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் ஒரே மூச்சில் டவுன்லோடு ஆவதும் நடக்கிற விஷயம்தான். அப்படி நடந்தால், பதிப்பகம் அந்தக் கல்லூரி முழுமைக்கும் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்திவிடும்.

மறுபக்கமும் இருக்கு. முன்னாள் மாணவர்கள் 20,000 பேர் இருந்தாலும் அத்தனை பேரும் தினமும் ஜர்னல் படிக்கப் போவதில்லை. ஆராய்ச்சி, கற்பித்தல், மருத்துவம் என்று குறிப்பிட்ட துறைகளில் இருக்கும் ஒரு பகுதியினருக்குத்தான் தேவை இருக்கும். தலைக்கணக்கைப் பார்க்காமல் உண்மையான பயன்பாட்டைப் பார்த்து விலை போட்டால் செலவு இந்த அளவுக்கு ஏறாது என்பது எதிர்வாதம்.

யாருக்கு உண்மையிலேயே அடி?

வேலைக்குப் போய் ஜர்னல் பக்கமே திரும்பாதவர்களுக்கு இதனால் நஷ்டம் இல்லை. ஆனால் கீழே இருப்பவர்களுக்கு நேரடிப் பாதிப்பு:

- பிஎச்.டி.க்குத் தயாராகிறவர்கள்: முதுகலை முடித்து, நெட் தேர்வு எழுதி, இடம் கிடைக்கும் வரை ஒன்று, இரண்டு வருட இடைவெளி விழுவது சாதாரணம். நல்ல ஆய்வுத் திட்டம் எழுதினால்தான் சீட். ஆனால் அதை எழுதத் தேவைப்படும் கட்டுரைகள் இந்த இடைவெளியில்தான் கைக்கு எட்டாமல் போகின்றன.

- பிஎச்.டி. முடித்து வேலை தேடுபவர்கள்: ஆய்வேட்டில் இருந்து கட்டுரை எழுதி அனுப்பியிருப்பார்கள். 'இந்த இந்தக் கட்டுரைகளையும் பார்த்துத் திருத்துங்க' என்று ஜர்னலில் இருந்து பதில் வரும்போது கையில் லாகின் இருக்காது.

- சந்தா வசதி இல்லாத கல்லூரி ஆசிரியர்கள்: பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, சிறிய சுயநிதிக் கல்லூரியில் வேலைக்குச் சேர்பவர்கள். படிக்கும்போது கிடைத்த ஜர்னல், பாடம் நடத்தும்போது கிடைக்காது.

- சிறு ஊர் மருத்துவர்கள்: எம்.பி.பி.எஸ்., எம்.டி. முடித்து சொந்தமாக கிளினிக் நடத்துபவர்களுக்குப் புதிய சிகிச்சை பற்றிய கட்டுரை தேவைப்படும். அவர்களுக்குப் பின்னால் எந்த நூலகமும் இல்லை.

- தனி ஆய்வாளர்கள்: தமிழ், வரலாறு, சமூகவியல் படித்துவிட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுபவர்கள். தென்னிந்திய வரலாறு பற்றிய முக்கியமான ஆங்கிலக் கட்டுரைகள் பலவும் சந்தா ஜர்னல்களில்தான் வருகின்றன.

வசதியுள்ள நிறுவனத்தில் இடம் பிடித்தவருக்குக் கதவு தொடர்ந்து திறந்திருக்கும். இடம் கிடைக்கப் போராடுபவருக்கு மூடியிருக்கும். தேவை அதிகம் இருக்கிற ஆளுக்கே தடையும் அதிகம்.

'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துருச்சே, அதுல கிடைக்காதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25-ம் தேதி ஒப்புதல் கொடுத்தது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

அதற்கு முன்பு வெவ்வேறு அமைச்சகங்களின் கீழ் 10 நூலகக் கூட்டமைப்புகள் தனித்தனியாகச் சந்தா கட்டிக்கொண்டிருந்தன. புதிய திட்டத்தில் 30 சர்வதேசப் பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள் ஒரே குடையின் கீழ் வந்தன. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் 6,300-க்கும் மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்கள், மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள் இதன் பலனைப் பெறும் என்றும், சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆராய்ச்சியாளர்கள் பயனடைவார்கள் என்றும் அரசு அறிவித்தது. ஒருங்கிணைக்கும் பொறுப்பு இன்ஃபிலிப்நெட்டிடம்.

மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசுக் கல்லூரி மாணவருக்கும் ஐ.ஐ.டி. மாணவருக்கும் ஒரே ஜர்னல் பட்டியல் என்பது உண்மையிலேயே பெரிய மாற்றம். ஆனால் பயனாளிகள் பட்டியலைத் திரும்பவும் பாருங்க. மாணவர்கள், ஆசிரியர்கள், ஆராய்ச்சியாளர்கள். படித்து முடித்து வெளியேறியவர்களுக்கு அதில் இடம் இல்லை. முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகளுக்கும் இடம் இல்லை. பெயரில் 'ஒரே நாடு' என்று இருந்தாலும், நிறுவனத்தின் அடையாள அட்டை இல்லாத குடிமகனுக்கு இது திறக்காது.

ஒரு சின்ன கணக்கு

6,000 கோடி ரூபாயை மூன்று ஆண்டுகளால் வகுத்தால், ஆண்டுக்கு 2,000 கோடி. அதை 1.8 கோடி பேரால் வகுத்தால், ஒரு ஆளுக்கு ஆண்டுக்குத் தோராயமாக 1,100 ரூபாய்.

ஒரு மாணவர் வருடம் முழுக்க 13,000 ஜர்னல்களைப் படிக்க அரசுக்கு ஆகும் சராசரிச் செலவு இது. அதே மாணவர் படிப்பை முடித்த மறுநாள் ஒரே ஒரு கட்டுரையை வாங்கினால்? 30 டாலர் என்றாலே 2,500 ரூபாயைத் தாண்டிவிடும்.

அதாவது, உள்ளே இருக்கும்போது இரண்டு வருடச் செலவு. வெளியே வந்தால் ஒற்றைக் கட்டுரைக்கே அதைவிட அதிகம். விலை கட்டுரைக்காகப் போடப்படுவதில்லை, கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்துப் போடப்படுகிறது என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

வெளிநாட்டுல எப்படிச் சமாளிக்கிறாங்க?

முன்னாள் மாணவர்களுக்கும் கொஞ்சமாவது கதவைத் திறந்து வைக்கும் முறைகள் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கின்றன.

1. முன்னாள் மாணவர் பதிப்பு: எப்ஸ்கோ நிறுவனம் தன் டேட்டாபேஸ்களில் சிலவற்றுக்கு முன்னாள் மாணவர்களுக்கென்றே தனிப் பதிப்பு வைத்திருக்கிறது. முழுத் தொகுப்பும் இருக்காது. ஆனால் ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

2. ஜேஸ்டோர் திட்டம்: 1995-ல் தொடங்கப்பட்ட ஜேஸ்டோர், பழைய ஆய்விதழ்களின் பெரிய டிஜிட்டல் களஞ்சியம். முன்னாள் மாணவர்களுக்கும் இணைப்பு கொடுக்கும் வசதியைப் பல்கலைக்கழகங்களுக்கு அது தருகிறது. பிரிட்டனின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் தங்கள் முன்னாள் மாணவர்களுக்கு இதைக் கொடுக்கின்றன.

3. நேரில் வந்து படிப்பது: 'வாக்-இன்' என்று சொல்லப்படும் முறை. ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவு இருந்தால், வெளியாட்களும் நூலகத்துக்கு வந்து அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் படிக்கலாம்.

4. கட்டண உறுப்பினர்: முன்னாள் மாணவர் சங்கம் வழியாக வருடக் கட்டணம் கட்டி நூலக அட்டை வாங்குவது. பெரும்பாலும் புத்தகங்களுக்கு இது செல்லும். மின்வளங்களுக்குச் செல்லுமா என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் பொறுத்தது.

5. சலுகைக் காலம்: படிப்பு முடிந்த அன்றே கட் பண்ணாமல், சில மாதங்கள் லாகினை விட்டுவைப்பது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுவான விஷயம் இருக்கு. மின்வளங்களைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தில் இடம் இருந்தால்தான் இவை நடக்கும். ஒப்பந்தம் போடும் மேஜையில் பல்கலைக்கழகம் இதைக் கேட்டு, எழுத்தில் சேர்க்க வேண்டும்.

சரி, இப்போதைக்கு நீங்க என்ன பண்ணலாம்?

*படிப்பு முடியும் முன்பே:*

- கல்லூரி மெயில் ஐ.டி.யில் தொடங்கிய கணக்குகளை எல்லாம் உங்க சொந்த மெயிலுக்கு மாற்றுங்க. ஆய்வாளர் அடையாள எண்ணான ஆர்கிட், கூகுள் ஸ்காலர் பக்கம், டிரைவில் இருக்கும் ஃபைல்கள் எல்லாமே இதில் அடங்கும். மெயில் மூடப்பட்டால் பாஸ்வேர்டு மாற்றக்கூட முடியாது.
- ஜொடெரோ போன்ற இலவச சாஃப்ட்வேரில், படித்த கட்டுரைகளின் விவரங்களைக் குறிப்புகளோடு சேமித்துவையுங்க.
- தொடங்கிய ஆய்வுக்குத் தேவையான கட்டுரைகளை, சொந்தப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் எடுத்துவையுங்க. ஜர்னல் முழுவதையும் வாரி எடுப்பது விதிமீறல்.
- லாகின் எந்தத் தேதியில் முடியும், நீட்டிக்க வாய்ப்பு உண்டா, நேரில் வந்து படிக்கலாமா? இந்த மூன்று கேள்விகளையும் நூலகரிடம் கேட்டுவிட்டு வெளியே வாங்க.

*படிப்பு முடிந்த பிறகு:*

- ஜேஸ்டோரில் தனிக் கணக்கு: எந்தக் கல்லூரியிலும் இல்லாதவர்கள்கூட இலவசமாகப் பதிவு செய்து, மாதம் 100 கட்டுரைகள் வரை ஆன்லைனில் படிக்கலாம். டவுன்லோடு கிடையாது. கொரோனா காலத்தில் உயர்த்தப்பட்ட இந்த எண்ணிக்கை அதன்பிறகும் தொடர்ந்தது. வரலாறு, இலக்கியம், சமூக அறிவியல் ஆட்களுக்குப் பெரிய உதவி.

- அன்பேவால்: பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் இலவசக் கருவி. கட்டுரையின் சட்டப்பூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். கூகுள் ஸ்காலரில் கட்டுரைக்குக் கீழே இருக்கும் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பையும் பாருங்க.

- எழுதியவரிடமே கேளுங்க: கட்டுரையின் சுருக்கம் இருக்கும் பக்கம் பொதுவாக இலவசமாகத் தெரியும். அதில் பெரும்பாலும் ஆசிரியரின் மெயில் இருக்கும். இரண்டு வரியில் மரியாதையாகக் கேட்டால் பலரும் அனுப்பிவைப்பார்கள். கட்டுரை விற்கும் பணத்தில் பொதுவாக எழுதியவருக்குப் பங்கு கிடையாது. படிக்க ஆள் இருக்கிறது என்பதே அவருக்குச் சந்தோஷம்.

- திறந்த களஞ்சியங்கள்: இயற்பியல், கணிதம், கணினித் துறைகளுக்கு 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ். மருத்துவத்துக்கு பப்மெட் சென்ட்ரல். எல்லாத் துறைக்கும் திறந்த அணுகல் ஜர்னல்களின் பட்டியலான டோஜ்.

- இந்தியாவின் இலவசத் தளங்கள்: இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு இன்ஃபிலிப்நெட் நடத்தும் ஷோத்கங்கா. புத்தகங்கள், பாடங்களுக்கு ஐ.ஐ.டி. கரக்பூர் உருவாக்கிய தேசிய டிஜிட்டல் நூலகம். பழைய தமிழ் நூல்கள், இதழ்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம். ஆய்வேட்டின் கடைசியில் இருக்கும் துணைநூல் பட்டியல், அந்தத் துறையில் எதைத் தேட வேண்டும் என்பதற்கே ஒரு நல்ல வழிகாட்டி.

- விக்கிபீடியா நூலகம்: பலருக்கும் தெரியாத வழி இது. விக்கிபீடியாவில் 500 தொகுப்புகள் செய்து, கணக்கு தொடங்கி 6 மாதம் ஆகி, கடைசி ஒரு மாதத்தில் 10 தொகுப்புகள் செய்தவர்களுக்குப் பல சந்தாத் தளங்களை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். தமிழ் விக்கிபீடியாவில் எழுதுபவர்களும் இதில் சேரலாம். கட்டுரை எழுத ஆதாரம் தேடுபவர்களுக்கான வசதி இது.

இதை மட்டும் பண்ணாதீங்க

ஜூனியரின் லாகினைக் கடன் வாங்குவது பலருக்கும் தோன்றும் முதல் யோசனை. கல்லூரிக் கணக்கை இன்னொருவருக்குக் கொடுப்பது ஒப்பந்த மீறல். பிரச்னை வந்தால் மாட்டுவது அந்த ஜூனியர்தான். இணைப்பு நிறுத்தப்பட்டால், தேர்வு நேரத்தில் கல்லூரி முழுக்கத் திண்டாடும். லாகின் விற்கிறோம் என்று வரும் சோஷியல் மீடியா விளம்பரங்களையும் நம்பாதீங்க. அவை திருடப்பட்ட கணக்குகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சை-ஹப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் 2011-ல் தொடங்கிய இந்தத் தளம், சந்தாக் கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் இலவசமாகக் கொடுத்தது. எல்ஸ்வியர், வைலி, அமெரிக்க வேதியியல் சங்கம் ஆகிய மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு நடந்த காலத்தில், இந்திய ஆராய்ச்சியாளர்கள் பலர் தங்களுக்கு வேறு வழி இல்லை என்று சை-ஹப்புக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள். தடை வந்துவிட்டது. ஆனால் அந்தத் தேவை அப்படியேதான் இருக்கிறது.

நிரந்தரத் தீர்வு எது?

இரண்டு பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, கட்டுரைகளையே எல்லோருக்கும் திறந்துவிடுவது. 'திறந்த அணுகல்' என்று இதைச் சொல்கிறார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வு மக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம், தன் நிதியில் நடந்த ஆய்வின் கட்டுரை 2025 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ ஏற்கப்பட்டால், அது வெளியாகும் நாளிலேயே பப்மெட் சென்ட்ரலில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. இந்தியாவிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014-லேயே இப்படி ஒரு கொள்கையை அறிவித்தன. ஆனால் நடைமுறையில் எல்லாக் கட்டுரைகளும் திறந்த களஞ்சியத்துக்கு வந்து சேர்வதில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாசகரிடம் வாங்காத பணத்தைச் சில ஜர்னல்கள் எழுதுபவரிடம் வாங்குகின்றன. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் இந்தக் கட்டணத்துக்கென்று ஆண்டுக்கு 150 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வேலையில் இல்லாத பட்டதாரி படிக்க மட்டுமில்லை, எழுதி வெளியிடவும் பணம் கட்ட வேண்டிய நிலை வந்துவிடக் கூடாது.

இரண்டாவது பாதை, ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த ஒரு வரியை மாற்றுவது. இது உடனே செய்யக்கூடியது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கான இப்போதைய ஒதுக்கீடு 2027-ம் ஆண்டோடு முடிகிறது. அடுத்த கட்டத்துக்கு மீண்டும் பேரம் பேசித்தான் ஆக வேண்டும். 6,300 நிறுவனங்களுக்காக ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசும் அரசுக்கு, தனியாகப் பேசும் எந்தப் பல்கலைக்கழகத்தையும்விட பலம் அதிகம்.

அந்த மேஜையில் வைக்கக்கூடிய கோரிக்கைகள் மூன்று:

1. படிப்பு முடிந்தவர்களுக்குக் குறைந்தது ஒரு வருடம் சலுகைக் காலம். பிஎச்.டி., நெட் தேர்வுக்குத் தயாராகும் இடைவெளிக்கு இது பெரிய உதவி.
2. திட்டத்தில் இருக்கும் எல்லா நூலகங்களிலும் நேரில் வந்து படிக்கும் உரிமை. மாவட்டத்தில் ஒரு அரசுக் கல்லூரி திறந்தால்கூடப் போதும், அங்கே இருக்கும் தனி ஆய்வாளருக்கும் மருத்துவருக்கும் பஸ் தூரத்தில் ஒரு நூலகம் கிடைத்துவிடும்.
3. விருப்பமுள்ள முன்னாள் மாணவர்களுக்கு, நியாயமான ஆண்டுக் கட்டணத்தில் தனி லாகின். ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 1,100 ரூபாய் என்ற சராசரி நம் முன்னால் இருக்கிறது. அதில் இருந்து பேச்சைத் தொடங்கலாம்.

கல்லூரி அளவிலும் செய்ய நிறைய இருக்கு. முன்னாள் மாணவர் சங்கங்கள் வருடம் ஒரு தடவை கூடி, சாப்பிட்டு, குரூப் போட்டோ எடுத்துக் கலைகின்றன. கட்டடத்துக்கு நிதி, விழாவுக்கு நிதி என்று திரட்டுகின்றன. அந்த நிதியில் ஒரு பங்கு, படித்து முடித்த ஜூனியர்கள் தொடர்ந்து படிக்க ஒரு டேட்டாபேஸுக்குப் போகலாம். அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் இதைச் சேர்க்க யாரும் தடை சொல்லப்போவதில்லை.

கடைசியா ஒண்ணு

பட்டம் வாங்கும் மாணவரிடம், 'இனிமேதான் உண்மையான படிப்பு ஆரம்பம்' என்று மேடையில் சொல்லாத சிறப்பு விருந்தினர் கிடையாது. அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் அவருடைய லாகினை மூடிவிடுகிறது சிஸ்டம்.

நீங்க இந்த வருடம் படிப்பை முடிக்கிறவர் என்றால், நாளைக்கே நூலகரைப் போய்ப் பாருங்க. உங்க லாகின் எந்தத் தேதியில் முடிகிறது, ஒப்பந்தத்தில் முன்னாள் மாணவர்களுக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்க. 'இல்லை' என்று பதில் வரலாம். ஆனால் வருடா வருடம் நூறு பேர் வந்து கேட்டால், அடுத்த ஒப்பந்தம் பேசும்போது நூலகர் அதை எடுத்துச் சொல்ல முடியும். கேட்டால்தான் இந்த வசதி ஒப்பந்தத்தில் வர வாய்ப்பு கூடும்.